மண் கேடயமும் மந்திரியின் சூடும்

முன்னொரு காலத்தில், மூளை குறைவாகவும் மந்திரிகள் அதிகமாகவும் இருந்த ஒரு நாட்டில், ராஜாவின் கையில் கொப்புளம் வந்தது. வெயிலில் இரும்புக் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனதால் வந்த கொப்புளம். "இனி எனக்கு மண் கேடயம்தான் வேண்டும். ஆனால் கதாயுதத்தால் அடித்தாலும் அது பிளக்கக் கூடாது!" என்றார். "ஆகா, என்ன ஞானம்!" என்றது சபை. மண் உடையும் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அரண்மனையில் விகடம் பேசிப் பிழைக்கும் விடங்கன் மட்டும் போய் மாரக்காளை அழைத்து வந்தான். பாறையிலிருந்து இழையிழையாக உரித்தெடுக்கும் கல்நாரைக் களிமண்ணில் கலந்து பாத்திரம் சுடுகிறவள் அவள். அவள் செய்த சட்டி கீழே விழுந்தால் கீறல் விடும், துண்டாகாது. அதே மண்ணில் அவள் கேடயமும் செய்து காயவைத்தாள்.

மந்திரி உத்தமராயருக்குப் பொறுக்கவில்லை. விடங்கனுக்குப் பேர் கிடைத்துவிடுமே! "அரசே, இவள் செந்தீயோடு சூளையை நிறுத்திவிடுகிறாள். விறகு போடச் சோம்பல். வெண்தழல் வரும்வரை எரித்தால் கேடயம் வச்சிரம்போல் ஆகிவிடும்" என்றார். அந்த மனிதர் வாழ்நாளில் ஓர் அடுப்புக்கூடப் பற்றவைத்ததில்லை.

மாரக்காள் கும்பிட்டாள். "வேணாஞ் சாமி. தீ கொறைஞ்சா மண்ணு வேகாது, உதுந்து போவும். அளவு மீறுனா நாரும் வெந்து மண்ணோட ஒட்டி ஒண்ணாயிரும். அப்புறம் ஒரே அடியில ரெண்டாப் பொளந்துரும். நாரு தனியா நின்னாத்தான் விரிசலப் புடிச்சு நிறுத்தும்."

"மண் பிசைகிறவள் எனக்குப் பாடம் சொல்வதா?" என்று மந்திரி குதித்தார்.

ராஜாவுக்கு யோசித்தால் தலைவலி வரும். யோசிக்காமலே தீர்ப்புச் சொன்னார்: "மந்திரியார் போதும் என்று சொல்லும்வரை சூளை எரிய வேண்டும். கேடயம் பிளந்தால் இவளுடைய இரு கைகளும் வெட்டப்படும். இவளை அழைத்து வந்த விடங்கன் நாடு கடத்தப்படுவான்."

மாரக்காள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். மந்திரி மீசைக்குள் சிரித்தார். "அரசே, சொன்னது சொன்னபடியே ஓலையில் எழுதச் சொல்லுங்கள்" என்றான் விடங்கன்.

மறுநாள் காலை சூளையைப் பற்றவைத்ததும் அவன் மந்திரியின் வீட்டுக்குப் போய் ஓலையை நீட்டினான். "மந்திரியார் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. தீயைப் பார்க்காமல் எப்படிச் சொல்வீர்கள்? புறப்படுங்கள்."

"என் ஆள் வந்து சொல்வான்."

"ஆள் சொன்னால் ராஜ கட்டளையை மீறியதாகிவிடுமே!"

மந்திரி பட்டுச் சால்வையோடு வந்து சேர்ந்தார். சூளையின் வாய்க்கு நேராக அவருக்கு ஆசனம் போட்டிருந்தது. ராஜாவும் சபையும் தூரத்தில் வேப்பமர நிழலில் இருந்தார்கள்.

உச்சிப் பொழுதுக்குள் மந்திரி தொப்பலாக நனைந்துவிட்டார். "போது..." என்று வாயெடுத்தார். விடங்கன் மாரக்காளைப் பார்த்தான். மண் இன்னும் வேகவில்லை என்று அவள் தலையை அசைத்தாள். உடனே ஒரு செம்பு மோரை மந்திரியின் வாயில் கவிழ்த்து, இரண்டு பேரை விசிறச் சொன்னான். மந்திரி நெளிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிற்பகலில் சூளையின் உட்புறம் நன்றாகச் சிவந்தது. மாரக்காள் கண்ணால் சாடை காட்டினாள். விடங்கன் விசிறுகிறவர்களை அனுப்பிவிட்டு, "வெண்தழலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டாமா?" என்று ஆசனத்தை இரண்டு முழம் முன்னே தள்ளினான்.

"ஐயோ, போதும்! போதும்! தீயை நிறுத்துங்கடா!" என்று மந்திரி அலறினார். ஒரு பக்க மீசை கருகிவிட்டது.

"ராசா உத்தரவு!" என்று மாரக்காள் சூளையின் வாயை மண்ணால் அடைத்தாள்.

சூளை ஆறியதும் ஒரு மல்லன் கதாயுதத்தை ஓங்கிக் கேடயத்தில் அடித்தான். குறுக்கே ஒரு கீறல் விழுந்தது. கீறலுக்குள் நார்கள் இருபுறமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றன. மறுபடி அடித்தான். கேடயம் பிளக்கவில்லை. மாரக்காள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மந்திரிக்கோ வெந்த பிறகும் சொரணை வரவில்லை. "பார்த்தீர்களா அரசே, நான் சொன்ன சூடு!" என்று மிச்ச மீசையைத் தடவினார்.

"நீர் சொன்னது வெண்தழல் அல்லவா? செந்தீயிலேயே ஏன் அலறினீர்?" என்றார் ராஜா. அவருக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு விடங்கன் பக்கம் திரும்பினார்.

"விடங்கா, பகலெல்லாம் சூளை வாயில் இருந்தும் இவர் பக்குவப்படவில்லையே, ஏன்?"

"அரசே, மந்திரியார் தலைக்குள்ளும் களிமண்தான். நார் கலக்க மறந்துவிட்டார்கள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். விடங்கனுக்குப் பொற்கிழியும், மாரக்காளின் இரு கைகளுக்கும் பொன் காப்பும் கொடுத்தார். சபையும் சிரித்தது. யாரைச் சொன்னார்கள் என்று புரியாமல் மந்திரியும் சேர்ந்து சிரித்தார்.