இரண்டு வாசல் துரை

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் இறுதி ஆட்டத்துக்கு அம்பயராக நிற்பவர் யார் என்பது முடிவாகாமல், வெள்ளைக் கோட்டு தேநீர்க் கடை நாற்காலியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது பாளையங்கோட்டைத் தவசிமுத்துவின் ஆறு வருட ஆசை. சங்கச் செயலாளர் சத்தியநேசன் கேட்டது ஒன்றே.

"பந்தை விட்டுக் கண்ணை எடுக்காத ஆளு வேணும். நீரு எப்படி?"

தவசிமுத்து தம் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. பூட்டனாரின் கண்ணிலிருந்து தொடங்கினார். அவர் இதைச் சொல்ல முன்பே இரண்டு முறை கேட்டிருக்கிறேன். கதையின் எலும்பு மாறுவதில்லை. கோழி மட்டும் ஒருமுறை வாத்தாக இருந்தது.

"கண்ணு எங்க பரம்பரைச் சொத்து சார். விக்டோரியா மகாராணி காலத்துல இங்க விட்காம் துரைன்னு ஒரு டாக்டர். ஆஸ்பத்திரியில அறுக்கதுக்குச் சம்பளம் வாங்குவாரு. மைதானத்துல அடிக்கதுக்குச் சல்லிக்காசு தொடமாட்டாரு. அமெச்சூர். அவரு ஆடினா எங்க பூட்டன்தான் அம்பயர். ஒரு நாளு துரை தூக்கி ஒண்ணு அடிச்சாரு. பந்து போச்சு, போச்சு, பருந்தெல்லாம் ஒதுங்கி வழி விட்டுது. பூட்டன் அண்ணாந்தவரு இமைக்கலை."

"கண்ணுல தூசி விழலையா?" என்றார் இசக்கியப்பன். அதே கோட்டுக்குப் போட்டியிடும் மற்றவர் இவர்.

"விழுந்துச்சு. அது பாட்டுக்குக் கிடந்துச்சு. கேளும்வே. பந்து இறங்க நேரமாவும்னு துரை ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு. ஒரு வண்டிக்காரனுக்கு முறிஞ்ச காலைச் சேத்துக் கட்டினாரு. அவன் அந்தக் காலாலேயே வீட்டுக்கு நடந்துபோயி பொஞ்சாதியைப் பிள்ளைப்பேறுக்குக் கூட்டிட்டு வந்தான். ரெட்டைப் பிள்ளை. எடுத்துக் குடுத்து, ரெண்டுக்கும் அம்மை குத்திட்டு வெளிய வாராரு. பந்து இன்னும் மேலதான்."

"அதுக்குள்ள பிள்ளையளுக்குக் கல்யாணம் ஆவலையா?"

"பேச்சு நடந்துட்டு இருந்துச்சு." தவசிமுத்து அதையும் விட்டுவைக்கவில்லை. "வில்லங்கம் இனிமேதான். வண்டிக்காரன் சந்தோசத்துல ஒரு கோழியைத் துரை கக்கத்துல சொருகிட்டான். அதோட மைதானத்துக்கு வந்தா, எதிர் டீம் கேப்டன் மறிச்சுட்டாரு. அந்தக் காலத்துல ரெண்டு வாசல். சும்மா ஆடுத துரைமாருக்குக் கிழக்கு வாசல். கூலிக்கு ஆடுதவனுக்கு மேற்கு வாசல். 'ஆட்டத்துக்கு நடுவுல கோழி வாங்கியிருக்கீரு, மேற்க போம்'னுட்டாரு. 'கோழி டாக்டருக்கு வந்தது, ஆட்டக்காரன் தொடலை'ன்னு துரை சொல்லுதாரு. ரெண்டும் ஞாயம். துரை யோசிச்சாரு. கையில கத்தி இருக்கு. ஊசியும் நூலும் இருக்கு."

சத்தியநேசன் தேநீர்க் கிளாசைக் கீழே வைத்தார்.

"தன்னைத்தானே நெடுக ரெண்டா அறுத்தாரு. டாக்டர் பாதி கோழியோட மேற்கு வாசல்ல, ஆட்டக்காரப் பாதி மட்டையோட கிழக்கு வாசல்ல. ரெண்டும் நொண்டியடிச்சு விக்கெட்டுக்கிட்ட வந்து சேந்துச்சு. அங்கனயே உக்காந்து தச்சுக்கிட்டாரு. அவசரத்துல இடம் வலமாப் போச்சு. அதுவரைக்கும் வலக்கை ஆட்டக்காரரு, அன்னையில இருந்து இடக்கை. நூலைப் பல்லால கடிக்கவும் பந்து இறங்கவும் சரியா இருந்துச்சு. பாயிண்ட்ல நின்னவன் பிடிச்சான், பூட்டன் விரலைத் தூக்கினாரு. அவ்வளவு நேரமும் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கலை சார்."

"எடுக்கவே இல்லையோ?" என்று இசக்கியப்பன் மெதுவாகக் கேட்டார்.

"எடுக்கவே இல்லை."

"அப்போ துரை அறுத்ததையும் தச்சதையும் பாத்தது யாருவே?"

கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த தேநீர் பாதியில் நின்றது. தவசிமுத்து ஒருமுறை கோட்டைப் பார்த்தார். தம் கிளாசில் மிச்சமிருந்ததை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"பக்கவாட்டுல நின்ன லெக் அம்பயர். அவரு எங்க அம்மா வழிப் பூட்டன்."

சத்தியநேசன் எழுந்து கோட்டை எடுத்தார். உதறி இசக்கியப்பனிடம் நீட்டினார்.

"இவரு பந்தைப் பாக்கட்டும். நீரு லெக்ல நின்னு மிச்சத்தைப் பாரும்."