பல்லி கேட்ட வீடு

கோயில் தர்மகர்த்தா குப்பண்ணனுக்குத் தன் கார் நிறுத்த இடம் வேண்டும். மதிலை ஒட்டியிருந்த மாராத்தாளின் வீட்டின்மேல் கண் வைத்தார். அந்த ஊர் வழக்கப்படி, சந்நிதியில் ஒன்றைச் சொல்லும்போது பல்லி கத்தினால் அது சாமி உத்தரவு. காலையிலிருந்து நின்றுகொண்டு, "அந்த வீடு கோயிலுக்குத்தானே சாமி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உச்சி வேளையில் பல்லி கத்தியது. உடனே ஆள்விட்டு வீட்டுச் சாமான்களைத் தெருவில் எறியச் சொன்னார்.

கோயில் வாசல் கூட்டும் மாராத்தாள் ஓடிவந்தாள். "பல்லி கத்துனா வீடு போயிருமுங்களா?"

"சாமியையே சந்தேகப்படறயா? உத்தரவை மாத்தோணும்னா அந்தச் சாமியே சொல்லட்டும், போ!"

"சரிங்க, கேக்கறேன்."

சந்நிதி முன் நின்று மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள். "உண்டியல்ல கை வெச்சது நம்ம தர்மகர்த்தா பண்ணாடி. தேர்க்கட்டையை வித்தது பண்ணாடி. அன்னதான அரிசி போனது பண்ணாடி மில்லுக்கு..." நிறுத்தவே இல்லை. பல்லி எப்போது கத்தினாலும் ஏதாவது ஒன்றின்மேல் விழுமே! சாமி நகையை எடுத்ததும் பண்ணாடிதான் என்று சொல்லும்போது கத்தியது.

சத்தம் கேட்டுச் சந்நிதியில் கூடியிருந்த கூட்டம் தர்மகர்த்தாவைப் பார்த்தது.

"அட, அது வெறும் பல்லி! பூச்சியைப் பாத்துக் கத்துது!" என்று அலறினார்.

"என் வீட்டைக் கேட்டதும் அதே பல்லிதானுங்களே!" மாராத்தாள் சாமான் எறிந்த ஆட்களின் பக்கம் திரும்பினாள். "சாமி இருக்குதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இருந்தா, என் வீட்டைப் புடுங்கப் பல்லியை அனுப்பாது. எடுத்து வெய்யுங்கடா சாமானை!"

எறிந்தவர்களே எடுத்து வைத்தார்கள். தெருவில் விழுந்து நசுங்கிய குடத்துக்கு மட்டும் யாரும் ஈடு கொடுக்கவில்லை.