இரண்டு பத்தியில் ஒரு பெயர்

கூடலூருக்கு மேலே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருந்தது அந்த மைதானம். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிடும். மாநிலப் பெண்கள் அணிக்கான கடைசித் தேர்வு ஆட்டம் அன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. ஐம்பது ஓவர் ஆட்டம்.

எல்லைக் கோட்டுக்கு வெளியே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் தேர்வாளர் கனகமணி. ஆட்டக்காரிகளுக்கு அவர் கனகாக்கா. இன்னொன்றில், அவரிடம் தேர்வு வேலை கற்றுக்கொள்ள வந்த ரோகிணி. இவள் கற்றுக்கொள்ள வந்தாளா, வழக்காட வந்தாளா என்று கிரிக்கெட் சங்கத்தில் ஒரு கேலி உண்டு.

ரோகிணியின் மடியில் படிவம். அதில் இரண்டே பத்திகள்: பேட்டிங், பௌலிங். ஆட்டம் முடிவதற்குள் பதினொரு பெயர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதி முடித்து எண்ணினாள். பன்னிரண்டு வந்தது.

ஜெசிந்தாவின் பெயர் இரண்டு பத்தியிலும் இருந்தது. ஆல்ரவுண்டரை எழுதும்போது எந்தத் தேர்வாளருக்கும் ஒரு தடவையாவது வருகிற தவறுதான்.

"அக்கா, ஒரு கேள்வி."

"ஒண்ணுதானா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ரோகிணி சிரிக்கவில்லை. "ஜெசிந்தா யாரு? பேட்டரா, பௌலரா?"

"ஏன் கேக்கறே?"

"அதைச் சொல்லாமலே அவளை ஒழிக்கிறாங்க, அதான். ஒரு மேட்ச்ல மூணாவதா இறக்குறாங்க, அடுத்ததுல எட்டாவதா. ஒரு நாள் பத்து ஓவர், இன்னொரு நாள் ரெண்டு. ரன் அடிச்சா பௌலிங் போதாதுங்கிறாங்க. விக்கெட் எடுத்தா பேட்டிங் போதாதுங்கிறாங்க. பத்தொன்பது வயசுப் பொண்ணு. ரெண்டு ஆள் வேலை வாங்கிட்டு ஒரு ஆளோட இடம் கூடத் தர மாட்டேங்கிறாங்க. இது அநியாயம் இல்லையா?"

"அநியாயம்தான்."

அவர் ஒத்துக்கொண்டது ரோகிணிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அப்போ ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்து அவளை நிலையா நிறுத்துங்க. இல்லேன்னா இந்தத் தடவையும் கழிச்சுடுவாங்க. மூணாவது தடவை. வீட்டுல அதுக்கு மேல விளையாட விடமாட்டாங்க."

கனகாக்கா மைதானத்தைப் பார்த்தபடியே இருந்தார். "ஃபீல்டிங்ல எத்தனை பேர் நிக்கிறாங்க, எண்ணு."

"இதுல என்ன இருக்கு எண்ண?"

"எண்ணேன்."

கீப்பர், பௌலர், ஸ்லிப், பாயிண்ட் என்று எண்ணிக்கொண்டே போனாள். பன்னிரண்டு.

மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு. "அக்கா, ஒரு ஆள் கூட நிக்கிறா! அம்பயர்கிட்டச் சொல்லணும்."

"அம்பயர் எண்ணியாச்சு. உக்காரு."

இந்தத் தடவை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி எண்ணினாள். மிட்-ஆனில் ஜெசிந்தா, முழங்காலில் கை ஊன்றி நின்றாள். கடைசியாக, தூரத்தில் மிட்-விக்கெட் எல்லையில் ஒருத்தி. பாதி உடம்பு பனிக்குள் இருந்தது. அவளும் முழங்காலில் கை ஊன்றியிருந்தாள். மிட்-ஆனில் இருந்தவள் குனிந்து இடது காலுறையை இழுத்துவிட்டாள். எல்லையில் இருந்தவளும் இழுத்துவிட்டாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி ரோகிணியைப் பார்த்தார்கள்.

இரண்டும் ஜெசிந்தாவின் முகம்.

கனகாக்கா பேனாவை நீட்டினார். "பன்னிரண்டு பேரைச் சங்கம் ஏத்துக்காது. ஒண்ணை அடி."

"எதை?"

"ஒரு வேலைன்னு நீதானே சொன்னே."

ரோகிணி யோசித்தாள். பேட்டிங் சராசரி முப்பத்தி நாலு. பௌலிங் சுமார்தான். அவளுக்கு நல்லதைத்தானே செய்கிறோம்? பௌலிங் பத்தியில் இருந்த பெயரின் மேல் கோடு இழுத்தாள். ஈரக் காகிதத்தில் பேனா கீறிக்கொண்டு போனது.

நிமிர்ந்தாள். எல்லையில் பனி மட்டும் இருந்தது. எண்ணினாள். பதினொன்று.

"பாத்தீங்களா, இப்போ சரியா வருது," என்றாள்.

மைதானத்துக்குள்ளே கேப்டன் கை தட்டினாள். "ஜெசி! அடுத்தது நீ. உனக்கு இன்னும் நாலு ஓவர் இருக்கு."

இதே இன்னிங்ஸில் ஜெசிந்தா ஆறு ஓவர் போட்டு இரண்டு விக்கெட் எடுத்திருந்தாள். இப்போது பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ தவறவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல இருந்தது. ஓடி வந்தாள். கிரீஸில் நின்றுவிட்டாள். கை மேலே வரவில்லை. திரும்பிப் போய் மறுபடி ஓடி வந்தாள். மறுபடியும் நின்றாள்.

"என்னடி, சுளுக்கா?" என்று கீப்பர் கத்தினாள்.

"இல்லடி. இதை நான் எப்பவாவது போட்டிருக்கேனா?"

ஒருத்தி சிரித்தாள். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

ரோகிணி அவசரமாகப் படிவத்தை எடுத்தாள். அடித்த இடத்தின் மேலேயே பெயரைத் திரும்ப எழுதினாள். மை பிடிக்கவில்லை. அழுத்தினாள். காகிதம் கிழிந்தது.

"அக்கா, நான் ஒரு பத்தியைத்தானே அடிச்சேன்! அந்த இன்னொருத்தியைக் கூப்பிடுங்க. எங்க போனா அவ?"

கனகாக்கா முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார்.

"எந்த இன்னொருத்தி? காலையில பஸ்ஸை விட்டு ஜெசிந்தான்னு ஒருத்திதானே இறங்கினா."