கை போகாத வயிறு

உக்காருங்கப்பா எல்லாரும். பேச்சு போதும். முறுக்க அப்புறம் கடிச்சுக்கலாம், அந்தச் சத்தத்துல என் கதை நொறுங்குது.

ஞானதிரவியம்னு ஒரு டாக்டர். தலை முழுக்க நரைச்ச பெறகு சிஷ்யனாப் போய் நின்னாரு. குரு யாரு? ஷமீமா மேடம். அவரு மக வயசுதான் இருக்கும். வயித்துல சின்னதாத் துளை போட்டு, கேமராவ உள்ள விட்டு, டிவியப் பாத்தே ஆபரேஷன் பண்ணுற வித்தை அந்தம்மாவுக்கு அத்துப்படி.

வந்த அன்னைக்கே மனுசன் தொண்டையக் கனைச்சுக்கிட்டுப் பொலம்புனாரு.

"கைய உள்ள விடாம என்ன மேடம் வைத்தியம்? என் கை வயித்துல பட்டாப் போதும், வியாதி தானாப் பேரு சொல்லும்."

மேடம் சிரிச்சுக்கிட்டே கேமராவத் தொடைச்சு வச்சாங்க.

அந்நேரம் பாத்து பரோட்டா மாஸ்டர் சுடலைமுத்துவத் தூக்கிட்டு வந்தாங்க. வயிறு பலகையா இறுகிக் கெடக்கு. ஒடம்பு அனலாக் கொதிக்குது. உள்ள சீழ் பரவுது, தாமதிச்சா ஆளு தேறமாட்டாரு. சிஷ்யரு அடிவயித்துல வலது பக்கம் ஒரு அமுக்கு அமுக்குனாரு. மாஸ்டர் துடிச்சுட்டாரு. குடல்வால் வெடிச்சிருச்சு, இந்த எடத்துலயே கிழிச்சிரலாம்னு கத்திக்குக் கை நீட்டுனாரு.

மேடம் அந்தக் கையில கேமராவ வச்சாங்க.

தொப்புள் பக்கத்துத் துளையில வெளிச்சம் எறங்குச்சு. டிவியில செவந்த குகை ஒண்ணு விரிஞ்சுது. காத்து ஊதின வயிறு கூடாரமா மேல நிக்குது. கீழ மஞ்சளாக் கலங்குன தண்ணி. ஈரல் மலையாட்டம் மினுங்குது. ஞானதிரவியத்துக்குத் தானே அதுக்குள்ள செருப்பில்லாம நடக்குற மாதிரி இருந்துச்சு. கால் நனையுது. தன் கை எங்கன்னே மறந்துபோச்சு.

குடல்வால்கிட்டப் போனாரு. அது கொழந்தை விரல் மாதிரி சும்மாப் படுத்திருக்கு. சீழ்ல நனைஞ்சிருக்கே ஒழிய, ஒடையல.

"இங்க இல்லையே மேடம்."

"அப்ப அந்தத் தண்ணி எங்கேருந்து வருது சார்?"

குடல் ஓரமா எறங்கி வந்த மஞ்சத் தடத்தப் பிடிச்சு மேல மேல போனாரு. ஈரலுக்கு அடியில, எரப்பை முடியிற எடத்துல, மொளகு அளவு ஓட்டை. பித்தம் கசியுது.

மேடம் தச்சாங்க. பக்கத்துல இருந்த கொழுப்புத் திரைய இழுத்து மேல மூடுனாங்க. தண்ணி தெளியிற வரைக்கும் கழுவுனாங்க.

மாஸ்டர் கண்ணு முழிச்சுத் தேறுனதும் சிஷ்யரு கட்டில்கிட்ட வந்தாரு. மேல ஆரம்பிச்ச வலிதானய்யா கீழ எறங்கியிருக்கு, அத வாயத் தொறந்து சொல்லக்கூடாதான்னு கடிஞ்சுக்கிட்டாரு.

வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசாத மனுசன், மூக்குல கொழாயோட மெள்ளத் திரும்புனாரு.

"நீங்க என் வயித்தத்தான கேட்டீங்க டாக்டர். என்னையக் கேக்கலியே."