கீரிக்கு ஒரு கிளி, குரங்குக்கு ஒரு கிளி

மூங்கிலோடைக் காட்டில் ஒரு மூலிகைக் கல்லூரி இருந்தது. அங்கே வடிவு என்ற கீரி படித்தாள். கெட்டிக்காரி! எந்த இலையைக் கொடுத்தாலும் மோந்து பார்த்தே பேர் சொல்லிவிடுவாள். ஆனால் குட்டியாக இருந்தபோது கண்ணியில் சிக்கி அவளுடைய முன்கால்கள் இரண்டும் முடங்கிவிட்டன. எழுதுகோல் பிடிக்க வராது.

கடைசித் தேர்வு நெருங்கியது. அதில் தேறினால்தான் வைத்தியர் ஆக முடியும். வடிவு நேராகத் தேர்வு அதிகாரி நாரையாரிடம் போனாள்.

“ஐயா, நான் சொல்வதை எழுத ஓர் ஆள் வேண்டும். சொல்லிச் சொல்லி எழுத நேரம் பிடிக்கும். அதனால் ஒரு மணி நேரம் கூடுதலாகவும் வேண்டும்!”

நாரையாருக்குப் பகீரென்றது. “எழுத வருகிற ஆள் விடையையும் சேர்த்து எழுதிவிட்டால்? என் தலையல்லவா உருளும்! முடியாதும்மா!”

வடிவு அசரவில்லை. “மூலிகையே தெரியாத கிளியைப் போடுங்கள். சொன்னதற்கு மேல் ஓர் எழுத்து எழுதாது. நீங்களும் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். நான் படித்ததைத்தானே எழுதக் கேட்கிறேன்? சரி என்று சொல்லாமல் இங்கிருந்து நகர மாட்டேன்!”

நாரையார் கழுத்தைச் சொறிந்தார். அரை மனதோடு தலையாட்டினார்.

சேதி தெரிந்ததும் கூடப் படித்த கோணங்கி என்ற குரங்கு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். வருஷம் முழுக்கக் கொய்யா மரத்திலேயே குடியிருந்த புண்ணியவான் அவன்!

“இது என்ன ஓரவஞ்சனை? ஆளும் கொடுத்து நேரமும் கொடுத்தால் யார்தான் தேற மாட்டார்கள்? எனக்கும் கொடுங்கள்!”

“அவனுக்கும் கொடுங்களேன் ஐயா!” என்று சிரித்தாள் வடிவு.

தேர்வு நாள் வந்தது. இரண்டு மரத்தடியில் இரண்டு கிளிகள். நடுவில் நாரையார்.

முதல் கேள்வி, மழைக்காலச் சளிக்கு என்ன மருந்து என்பது. வடிவு தூதுவளையில் தொடங்கினாள். அளவு, பக்குவம், பத்தியம் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கிளி எழுதியது.

கோணங்கி தலையைச் சொறிந்தான். “அது வந்து…”

கிளி அதையே எழுதியது.

“அடியே! விடையை எழுது!”

கிளி அதையும் எழுதியது.

“ஐயையோ, இதையெல்லாம் எழுதாதே!”

அதுவும் தாளில் ஏறியது. கோணங்கி களைத்துப்போய்த் தூங்கிவிட்டான். கூடுதல் நேரம் முழுக்க அவனுடைய குறட்டைதான் கேட்டது. வடிவோ கடைசி நிமிஷம்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுவாரம் முடிவு வந்தது. வடிவு முதல் வகுப்பு! கோணங்கிக்கு முட்டை.

“கிளி ஒரு பதில்கூடச் சொல்லித்தரவில்லை ஐயா!” என்று புலம்பினான் கோணங்கி.

கேட்டுக்கொண்டிருந்த நாரையாரின் முகம் வாடிவிட்டது. “ஏம்மா வடிவு, எழுத வருகிற ஆள் விடை சொல்லிவிடுமோ என்று பயந்துதான் போன வருஷம் கண் தெரியாத முயலைத் திருப்பி அனுப்பினேன். எவ்வளவு பெரிய தப்பு!”

“இன்றைக்கே கூப்பிட்டு அனுப்புங்கள் ஐயா! படித்தது முயலுக்கு மறந்திருக்காது!” என்றாள் வைத்தியர் வடிவு.

முயலைக் கூப்பிட நாரையார் தாமே கிளம்பினார்.

எழுதக் கை கொடுப்பது மதிப்பெண் கொடுப்பதாகாது, படித்தவர் தம் படிப்பைக் காட்ட வழிவிடுவதுதான் நியாயம்.