துண்டுக்கு வெளியே இருந்த கை

முன்னொரு காலத்தில் கொடிமங்கலத்தைக் கனகசேனன் என்றொரு ராஜா ஆண்டான். புதுசாக எதைக் கண்டாலும் அவனுக்குப் பித்து. அந்த வருஷம் வெள்ளைக்காரத் தொப்பி. கிரீடத்தைக் கழற்றிவிட்டு அதைக் கவிழ்த்துக்கொண்டுதான் கொலுவிருந்தான்.

ஒருநாள் கப்பல் துரை ஒருவன் வந்து இங்கிலீசில் ஏதோ கேட்டான். மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேதகிரி மீசையைத் தடவினான்.

"அவர் ஆட்கள் நம் துறைமுகத்தைப் பார்க்கணுமாம், மகாராஜா. பார்த்தால் தேய்ந்தா போகும்?"

ராஜா தலையாட்டப் போனான்.

"ஆட்டாதீங்க!"

கத்தியவர் அமைச்சர் சுடலைமுத்து. குதிரைச் சந்தையில் தரகு பேசி, அடிபட்டு, ஏமாந்து மேலே வந்தவர். கப்பல்காரர்களோடு மல்லுக்கட்டியே இங்கிலீசு படித்தவர்.

"துரை கேட்டது 'வாட்ச்'. கண்ணைத் திருப்பினால் 'லுக்'. கண்ணில் பட்டால் 'சீ'. கண்ணை எடுக்காமல் காவல் நின்றால்தான் 'வாட்ச்'. காவலுக்கு வருகிறவன் கையை வீசிக்கொண்டா வருவான்? துப்பாக்கியோடு வருவான்!"

"லாயத்து இங்கிலீசு!" வேதகிரி சிரித்தான். "மூன்றும் பார்ப்பதுதான் ஓய்!"

ராஜாவுக்கு எரிச்சல். "நிரூபியும் சுடலைமுத்து. இல்லையென்றால் முத்திரை மோதிரத்தை வேதகிரியிடம் கொடுத்துவிட்டுச் சந்தைக்கே போம்."

"போறேன். சந்தை எனக்கென்ன புதுசா? ஆனால் துறைமுகத்தைத் தாரை வார்க்க விடமாட்டேன்!"

சொன்னவர் தோள்துண்டை உதறி வேதகிரியின் கைமேல் போட்டார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான்: துண்டுக்கடியில் விரலைப் பிடித்து.

"கண்ணை இந்தத் துண்டுப் பக்கம் திருப்பும். சொல்லும், இந்த விலைக்குக் குதிரை கட்டுபடியாகுமா?"

வலக்கையால் விரல்களை நெரித்தார். வேதகிரி "ஐயோ!" என்று நெளிந்தான். சபையே துண்டுப் பக்கம் திரும்பியது.

துண்டை எடுத்தார். "ஓய், உம்ம மூக்குப்பொடி டப்பி எங்கே?"

வேதகிரி இடுப்பைத் தடவினான். தங்க டப்பியைக் காணோம்!

சுடலைமுத்து சட்டென்று திரும்பி, டப்பி எங்கே என்று இங்கிலீசில் துரையைக் கேட்டார். துரை வாய்விட்டுச் சிரித்து, அமைச்சரின் இடக்கை முஷ்டியைச் சுட்டிக் காட்டினான். காட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சுடலைமுத்து முஷ்டியைத் திறந்தார். டப்பி மின்னியது.

"துபாஷி பண்ணினது லுக். இப்போது உங்கள் கண்ணில் பட்டதே, இது சீ. ஆரம்பத்திலிருந்து என் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தானே துரை, அதுதான் வாட்ச், மகாராஜா! இந்தக் கண்ணையா துறைமுகத்தில் நிறுத்தப் போறீங்க?"

ராஜா தொப்பியைக் கழற்றித் துரையின் கையில் கொடுத்தான். "உங்கள் கப்பலில் இருந்தபடியே எங்கள் கரையை லுக் பண்ணிக்கொள்ளுங்கள். இறங்க வேண்டாம்."

பிறகு துபாஷி பக்கம் திரும்பினான். "வேதகிரி, இன்றுமுதல் துறைமுகத்துக்குக் காவல் நீர்தான். வாட்ச்!"

வேதகிரி தலை குனிந்து வெளியேறினான். சுடலைமுத்து வாசல்வரை போய் டப்பியை அவன் கையில் திணித்தார்.

"வச்சுக்கும் ஓய். தூக்கம் வந்தா ஒரு சிட்டிகை போட்டுக்கும்."