செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

சொட்டுநீர்க் குழாய் விற்கும் கம்பெனி ஒன்றில் நசீமா மண்டல மேலாளர். புதிதாக வருகிறவர்களை ஊர் ஊராகக் கூட்டிப்போய்த் தொழில் பழக்குவார். நிறையப் பேச மாட்டார்.

அந்த வருடம் அவரிடம் பழகியவர்கள் இரண்டு பேர். தீர்த்தகிரிக்கு நசீமாவைவிட வயது அதிகம். நிவாஸ் கல்லூரியிலிருந்து நேராக வந்தவன். இருவரில் ஒருவருக்குத்தான் தருமபுரிக் கிளையின் பொறுப்பு என்று பேச்சு.

நிவாஸைப் பார்க்கும்போதெல்லாம் தீர்த்தகிரிக்கு வயிறு எரிந்தது. அவன் வெள்ளை ஷூவோடு வரப்பில் நடப்பான். விவசாயிகள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தவர்களே அவனுக்கு இளநீர் வெட்டித் தருவார்கள். தீர்த்தகிரி செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்குவான். அவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவன் அவர்களில் ஒருவனைப் போலவே இருந்தான்.

கேழ்வரகு அறுப்பில் கூலிக்கு ஆரம்பித்தவன் அவன். பிறகு புளி உலுக்கினான், பெங்களூரில் கட்டட வேலை பார்த்தான், சந்தையில் மூட்டை தூக்கினான், பஸ் ஸ்டாண்டில் குடை விரித்து சிம் கார்டு விற்றான். தபால் வழியில் படித்து வாங்கிய பட்டம்தான் அவன் வீட்டுக்கு முதல் பட்டம். இத்தனையும் தாண்டி வந்து உட்கார்ந்தால், பக்கத்து நாற்காலியில் எதையும் தாண்டாத ஒருவன் காலாட்டிக்கொண்டிருக்கிறான்.

விவசாயிகள் கூட்டம் ஒன்றைத் தனியாக நடத்திக் காட்ட வேண்டும். அதுதான் பரீட்சை. தீர்த்தகிரி தன் கூட்டத்தை முடித்துவிட்டான். அடுத்தது நிவாஸின் முறை.

"அண்ணே, கோணம்பட்டியில வர்ற செவ்வாய்க்கிழமை வெக்கலாம்னு இருக்கேன். சரியா வருமா?"

செவ்வாய்க்கிழமை கோணம்பட்டிக்குப் பக்கத்தில் சந்தை. அன்றைக்கு ஊரில் கோழிகூட மிஞ்சாது. தீர்த்தகிரி மூட்டை தூக்கியது அந்தச் சந்தையில்தான்.

"தாராளமா வையி தம்பி," என்றான்.

செவ்வாய்க்கிழமை வந்தது. பந்தல் போட்டாயிற்று, வாடகை நாற்காலி வந்தாயிற்று, டிரம் நிறைய டீ ஆவி பறந்தது. வந்தவர் ஒரே ஒரு பெரியவர். அவருக்கும் காது கேட்காது. நிவாஸ் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்கே எல்லாவற்றையும் விளக்கினான். அவர் நடுநடுவே தலையாட்டினார். கடைசி வரிசையில் நசீமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரிக்கு வயிறு குளிர்ந்தது.

"இன்னைக்குச் சந்தையாச்சே சாமி, யாரு வருவா?" என்றாள் டீ கொண்டுவந்த பெண்.

நிவாஸின் முகம் வாடிவிட்டது. தீர்த்தகிரியின் பக்கம் திரும்பினான்.

"உங்களுக்கும் தெரியாமப் போச்சே அண்ணே."

அவனுக்குச் சந்தேகப்படக்கூடத் தெரியவில்லை. அதற்கும் தீர்த்தகிரிக்கு வயிறு எரிந்தது.

பெரியவரை வீட்டில் விட்டுவர நிவாஸை அனுப்பினார் நசீமா. பந்தலில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் எவ்வளவோ பட்டு வந்திருக்கேன். அவன் நேத்து வந்தவன். ரெண்டு பேருக்கும் ஒரே தராசா?"

நசீமா டிரம்மைத் திறந்து இரண்டு டம்ளரில் டீ பிடித்தார். ஒன்றை அவனிடம் நீட்டினார்.

"என்னென்ன பட்டீங்க, சொல்லுங்க."

"புளி உலுக்கப் போனேன். எந்தக் கிளை தாங்கும், எது முறியும்னு பார்த்தாலே சொல்லுவேன்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"மாதண்ணன்னு ஒருத்தர் கூட வருவாரு. மொத நாள் நான் காஞ்ச கிளையில கால வெக்கப் போனேன். கீழ இருந்து ஒரே சத்தம் போட்டாரு."

"அப்புறம்?"

"பெங்களூர்ல கட்டட வேலை. கலவையில நிக்கிறதுக்கு முன்னாடி காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கணும். இல்லன்னா சிமென்ட் பாதத்தைத் தின்னுடும்."

"அது யாரு?"

"மேஸ்திரி சம்சாரம். எண்ணெயும் அவங்களே குடுத்தாங்க."

"சிம் கார்டு வித்தீங்களே, அங்க?"

தீர்த்தகிரி கொஞ்சம் சிரித்தான். "எதிர்ல ஒருத்தரு கரும்பு ஜூஸ் போட்டாரு. ஏம்ப்பா, நடக்கிறவனைக் கூப்பிட்டுத் தொண்டை போச்சா, பஸ்ஸுக்கு நிக்கிறவன்கிட்ட போய்ப் பேசுன்னாரு. அன்னைக்குத்தான் எனக்கு வியாபாரம் புடிபட்டது."

"அவருக்கும் பஸ்ஸுக்கு நிக்கிறவங்கதானே வாடிக்கை?"

"ஆமா மேடம். அவங்களேதான்."

"இவங்ககிட்ட எல்லாம் நீங்களாப் போய்க் கேட்டீங்களா?"

"இல்ல மேடம். அப்ப எனக்குக் கேக்கக்கூடத் தெரியாது. அவங்களாச் சொன்னாங்க."

நசீமா தன் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"நிவாஸ் உங்ககிட்ட கேட்டானா?"

தீர்த்தகிரி காலி நாற்காலிகளைப் பார்த்தான். இல்லை என்று சொல்லிவிட நாக்கு தயாராகத்தான் இருந்தது.

"கேட்டான்," என்றான்.

தூரத்தில் பைக் சத்தம் கேட்டது. நிவாஸ் வந்து இறங்கினான். ஒரு மூலையிலிருந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தான். வெள்ளை ஷூவில் சேறு அப்பியிருந்தது.

தீர்த்தகிரியின் கையில் டீ ஆறிப்போயிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"அப்ப, பொறுப்பு அவனுக்குத்தானா மேடம்?"

"இன்னும் முடிவு பண்ணலை," என்றார் நசீமா. "அவனுக்குத் தெரியாததை டீ கொண்டுவந்த அம்மா ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்க. உங்களுக்கு என்ன சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."